பாரிஸில் ஒரு சட்டம், ஏற்காட்டில் ஒரு பள்ளி

ஏற்காட்டில் நூறு வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பள்ளிகளில் இரண்டை மலைக்கு வெளியே உள்ளவர்களும் அறிவார்கள். குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் ஒன்று. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917 ஜூன் 1 அன்று தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி மற்றொன்று. மாண்ட்ஃபோர்ட்டின் குறிக்கோள் வாசகம் லத்தீனில் இருக்கிறது: 'விர்த்துஸ் எத் லாபோர்', ஒழுக்கமும் உழைப்பும். அந்த வாசகத்தைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில். பள்ளியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் பேசுவது தமிழ். நான்கு மொழிகள் ஒரு வளாகத்தில் வந்து சேர்ந்ததற்கு இரண்டு காரணங்களைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஏற்காட்டின் குளிர் வெள்ளைக்காரர்களுக்கு ஒத்துக்கொண்டது என்பது முதலாவது. மிஷனரிகள் கல்வித் தொண்டு செய்ய வந்தார்கள் என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பள்ளி ஏன் அந்த ஆண்டில், அந்த மொழியில், அந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்பதற்கு இவற்றில் விடை இல்லை. விடையைத் தேடினால் மலையை விட்டு இறங்கி, மூன்று அரசுகளின் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. மாண்ட்ஃபோர்ட்டை நிறுவியவர்கள் துறவிகள். அங்கே யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு அரசுகளுடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சட்டம் பிரான்சில் பிறந்தது. புனித கபிரியேல் சபையின் வேர் லூயி மரி தெ மாண்ட்ஃபோர்ட் என்ற நாடோடிப் போதகரிடம் இருக்கிறது. 1673-இல் பிறந்து 1716-இல் இறந்த அவர், கடைசிக் காலத்தில் லா ரோஷெல் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளை ஏற்படுத்தினார். அவர் விட்டுச்சென்ற சிறு கூட்டத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிர் கொடுத்துப் பெரிய சபையாக்கியவர் கபிரியேல் தெஷாயெ என்ற குரு. சபைக்குக் கபிரியேல் என்ற பெயர் வந்தது அவரை ஒட்டித்தான். காது கேளாதோர் கல்வியில் இந்தச் சகோதரர்களுக்குப் பிரான்சில் தனிப் பெயர் உண்டு. இவர்கள் குருக்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூசை வைக்கிறவர் ஃபாதர், பாடம் நடத்துகிறவர் பிரதர் என்று நம்மூர் விசுவாசிகள் சுருக்கமாகப் பிரித்துவிடுவார்கள். பள்ளிக்கூடமே பிரதரின் வாழ்க்கை. அதைப் பறித்தால் அவருக்கு வேறு வேலை கிடையாது.

பிரெஞ்சுக் குடியரசு பறித்தது அதைத்தான். 1901 ஜூலை 1 சட்டம், துறவுச் சபைகள் இயங்குவதற்கு அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. எமில் கோம்ப் பிரதமராக இருந்தபோது, 1903-இல், கற்பிக்கும் ஆண் துறவுச் சபைகள் கொடுத்திருந்த விண்ணப்பங்களை நாடாளுமன்றம் ஒட்டுமொத்தமாகத் தள்ளியது. 1904 ஜூலை 7 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் துறவுச் சபையும் பிரான்சில் பாடம் நடத்தக் கூடாது, பத்தாண்டுகளுக்குள் எல்லாப் பள்ளிகளும் மூடப்பட வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கான துறவிகளுக்குத் துறவு உடையைக் களைவதா, கடல் கடப்பதா என்ற நிலை. கபிரியேல் சகோதரர்கள் ஐந்து பேர் 1901-இல் பாங்காக் போய் இறங்கினார்கள். 1903-இல் அதே சபையினர் திண்டிவனம் வந்தார்கள். இந்தியாவில் அவர்கள் கால் வைத்த முதல் ஊர் அது. ஏற்காட்டுப் பள்ளி அதற்குப் பதினான்கு ஆண்டு கழித்துத்தான். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே ஒரு விஷயம் புலப்படும். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கு வந்து சேர்ந்த ஆசிரியர்கள், பாரிஸ் நாடாளுமன்றம் சொந்த நாட்டில் வேண்டாம் என்று சொன்னவர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். மிஷனரி சபைகள் எப்படியும் கீழ்த்திசைக்கு வந்தே தீரும், சட்டம் கொஞ்சம் வேகப்படுத்தியது, அவ்வளவுதானே என்பார்கள். குளூனி கன்னியர் புதுச்சேரிக்கு 1827-லேயே வந்துவிட்டார்கள், அவர்களை யாரும் விரட்டவில்லை என்பதை அதற்குச் சான்றாகக் காட்டலாம். மறுப்பு நியாயமானதுதான். ஓரிரு சகோதரர்கள் எப்படியும் வந்திருப்பார்கள் என்று ஏற்றுக்கொள்வோம். ஆனால் பல ஊர்களில் அடுத்தடுத்துப் பள்ளி தொடங்கும் அளவுக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் கையில் இருக்க வேண்டுமே. சொந்த நாட்டில் வேலை இருக்கும்போது எந்தச் சபையும் தன் தேர்ந்த ஆசிரியர்களை அப்படி ஏற்றுமதி செய்யாது. தவிர, அவர்கள் போய்ச் சேர்ந்த ஒவ்வோர் இடத்திலும் செய்த காரியம் ஒன்றாக இல்லை. என் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் சான்று இங்கேதான் இருக்கிறது.

பாங்காக்கைப் பார்ப்போம். அங்கே கபிரியேல் சகோதரர்கள் பொறுப்பேற்ற அசம்ப்ஷன் கல்லூரியில், சயாம் என்று அப்போது அழைக்கப்பட்ட தாய்லாந்தின் பிள்ளைகளும் சீன வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள். 1901-இல் வந்த குழுவில் இருந்த பிரதர் ஹிலேர் என்ற இளைஞர் தாய்லாந்து மொழியை அடியிலிருந்து கற்றார். எழுத்து கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய 'தருண் சிக்ஸா' என்ற தாய்லாந்து மொழிப் பாடநூல், தலைமுறைகள் தாண்டி அந்நாட்டில் புழங்கியது. தலைப்பில் இருப்பவை நமக்கும் தெரிந்த தருணம், சிட்சை என்ற சொற்கள்தான். ஒரு பிரெஞ்சுத் துறவி சயாம் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியின் அரிச்சுவடியை எழுதியிருக்கிறார். இனி ஏற்காட்டுக்கு வருவோம். அதே சபை, அதே ஊர்களில் பயிற்சி பெற்றவர்கள், இரண்டுக்கும் இடையே பதினாறே ஆண்டு. இங்கே எழுந்ததோ ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் ஐரோப்பியப் பள்ளி. சகோதரர்களின் மனம் பாங்காக்கில் ஒன்றாகவும் சேலம் ஜில்லாவில் வேறொன்றாகவும் இருந்தது என்று சொல்ல முடியாது. சயாம் யாருடைய காலனியாகவும் இல்லை. சேலம் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. இந்த வேறுபாடுதான் பள்ளியின் உருவத்தை மாற்றியது. திண்டிவனம் வேறொன்றைக் காட்டுகிறது. அதுவும் பிரிட்டிஷ் மண்தான். ஆனால் சமவெளியிலுள்ள தாலுகா ஊரில் பள்ளிக்கு வரக்கூடியவர்கள் உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகள். எனவே அங்கே சகோதரர்கள் அவர்களுக்குக் கற்பித்தார்கள்.

அப்படியானால் மலை என்ன செய்தது? இரண்டாவது சட்டத் தொகுதி இங்கே குறுக்கிடுகிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் 'ஐரோப்பியப் பள்ளி' என்பது வெறும் வருணனைச் சொல்லாக இருக்கவில்லை. அது ஒரு நிர்வாக வகை. அதற்குத் தனி விதித்தொகுப்பும் தனி இன்ஸ்பெக்டரும் தனி மானியமும் இருந்தன. ஐரோப்பியர், இங்கேயே குடியேறிவிட்ட வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டது அது. இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைக்க வசதியுள்ள அதிகாரிகளை விட, அப்படி அனுப்ப இயலாத ரயில்வே, தந்தி, சுங்க இலாகாக் குடும்பங்களே இவற்றை அதிகம் நம்பின. ஜோலார்பேட்டை, அரக்கோணம், போத்தனூர், பெரம்பூர் என்று ரயில்வே காலனிகள் இருந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து கோவைப் பக்கம் போகும் பாதை சேலத்தைத் தொட்டுத்தான் போகிறது. சேலத்தில் இறங்கினால் மலையடிவாரம் பக்கத்தில். ஏற்காட்டில் ஏற்கெனவே வெள்ளைக்காரர் குடியிருப்பு இருந்தது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியையும் பழ மரங்களையும் இந்த மலைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து தோட்டக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். ரயில்வே குடும்பங்களுக்கு எட்டும் தூரம், தோட்டக்காரர்களுக்கு வீட்டு வாசல். ஐரோப்பியப் பள்ளி என்ற நிர்வாக வகைக்குள் நுழைய விரும்பும் ஒரு பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான மலை சென்னை மாகாணத்தில் நீலகிரியை விட்டால் அதிகம் கிடையாது.

1917 என்ற ஆண்டுக்கும் ஒரு பொருள் இருப்பதாக நான் நினைக்கிறேன். முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டுப்பாடின்றி அவிழ்த்துவிட்டது. பிள்ளையைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பும் பழக்கமுள்ள குடும்பங்கள் கூட அந்தச் சமயத்தில் துணிந்திருக்க முடியாது. மலைவாசத்தலத்தில் புதிதாக ஓர் ஆண் பிள்ளைகள் உறைவிடப் பள்ளி தொடங்க வாய்த்த தருணம். இது என் ஊகம். ஆயினும் போர்க்காலத்தில், அதுவும் ராணுவ வயதுப் பிரெஞ்சுக்காரர்களைத் தாய்நாடு படைக்கு அழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பிரெஞ்சுச் சபை புதுப் பள்ளி திறப்பதற்குத் தேவை மிக வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பியப் பள்ளி என்ற வகையின் உறுதியை 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் துல்லியமாகக் காட்டுகிறது. இரட்டையாட்சி முறையில் கல்வி இலாகா இந்திய அமைச்சர்களிடம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1920 தேர்தலுக்குப் பின் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தபோது பள்ளிகள் அதன் பொறுப்பில் இருந்தன. ஒரு விலக்கு மட்டும் இருந்தது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கல்வி ஒதுக்கப்பட்ட இலாகாவாகக் கவர்னர் தரப்பிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வகுப்புவாரி உரிமை பேசி வென்ற ஓர் ஆட்சியின் கை சேலம் நகரத்துப் பள்ளி வரை நீண்டது, மலைமேல் இருந்த பள்ளியை மட்டும் தொட முடியவில்லை. தமிழ்நாட்டுச் சமூக நீதி வரலாற்றை எழுதுகிறவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு சிறு வேலி இது. அந்த வேலியின் மறுபக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், தாய்மொழி தமிழ். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரியவர்கள் இவர்களே. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. வெள்ளைக்காரர் காலத்துச் சேலம் ஜில்லா நூல்களிலும் அது ஏறியிருக்கிறது. மலையின் உச்சியில் குகைக்குள் குனிந்து நுழைய வேண்டிய கோயிலில் சேர்வராயனும் காவேரியும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் திரளும். எங்கிருந்தோ வந்த சகோதரர்கள் மலையேறித் தங்கிய கதை ஏற்காட்டுக்குப் புதிதில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காஞ்சிபுரத்துச் சகோதரர்களின் வழிவந்த பிள்ளைகளும் பிரெஞ்சுச் சகோதரர்களின் பள்ளியும் ஒரே மலையில், கூப்பிடு தூரத்தில் இருந்தும், முப்பது ஆண்டுகள் சட்டப்படியே வேறு வேறு உலகங்கள். மலைக் கிராமமான நாகலூரின் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் சேர வழி இல்லாததற்குப் பிரதர் கதவைச் சாத்தியதுதான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை அந்த நிர்வாக வகைக்குள்ளேயே வரவில்லை. கட்டணம் வேறு, ஆங்கிலம் வேறு.

விடுதலைக்குப் பிறகு அந்த வேலி என்ன ஆனது? அரசியல் சட்டத்தின் 337-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் தலைவர் ஃப்ராங்க் ஆன்டனி அரசியல் நிர்ணய சபையில் போராடிப் பெற்ற பாதுகாப்புகளில் ஒன்று அது. 1948 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டில் ஆங்கிலோ இந்தியக் கல்விக்குக் கிடைத்த மானியம் முதல் மூன்று ஆண்டு அப்படியே தொடரும், பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் வரை குறையலாம், பத்தாண்டு முடிந்ததும் நின்றுவிடும். இதற்கு ஒரு நிபந்தனை. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையில் குறைந்தது நாற்பது சதவீத இடங்களை மற்றச் சமூகத்தவருக்குத் திறந்து வைக்காத எந்தப் பள்ளிக்கும் இந்த மானியம் கிடையாது. பள்ளியைப் பொதுவாக்கு என்று உபதேசம் செய்யாமல், பணத்தைக் காட்டிக் கதவைத் திறக்கச் சொன்ன விதி. 1954-இல் பம்பாய் அரசு, ஆங்கிலோ இந்தியர் அல்லாத இந்தியப் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளில் சேர்க்கக் கூடாது என்று ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதைச் செல்லாது என்றது. தீர்ப்பின் காரணங்களில் இந்த நாற்பது சதவீதமும் ஒன்று. மற்றவர்களைச் சேர்த்தால்தான் மானியம் என்று அரசியல் சட்டம் சொல்லும்போது, சேர்க்காதே என்று ஒரு மாநில அரசு எப்படிச் சொல்லும்? ஆங்கிலோ இந்தியப் பள்ளி இந்தியர் எல்லாருக்குமான ஆங்கிலப் பள்ளியாக மாறியதில், காலனி விட்டுச்சென்ற மோகத்துக்கு உள்ள பங்கைவிட இந்தச் சட்டப் பின்புலத்துக்கு உள்ள பங்கு குறைவில்லை என்பேன்.

ஐரோப்பாவிலும் இதே போன்ற ஒரு பேரம் நடந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளைத் துரத்திய அதே பிரான்ஸ், 1959-இல் தெப்ரே சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தரும். பதிலுக்குப் பள்ளி அரசுப் பாடத்திட்டத்தை ஏற்க வேண்டும், மதமோ குலமோ பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். இன்று பிரெஞ்சு நகரங்களில் நூற்றாண்டு கண்ட கத்தோலிக்க லிசேக்கள் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் கீழ்தான் நடக்கின்றன. நம் பேரத்துக்கும் அதற்கும் ஒரே ஒரு பெரிய வேறுபாடு. பிரெஞ்சு ஒப்பந்தம் நீடித்தது. நம்முடைய 337-ஆம் பிரிவுக்குப் பத்தாண்டுதான் ஆயுள்.

பத்தாண்டு முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். மானியம் நின்றது, அதனோடு நிபந்தனையும் நின்றது. கதவு மூடவில்லை. மூடியிருந்தால் உள்ளே உட்கார ஆள் இருந்திருக்காது. அந்தக் காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. பள்ளி எந்தச் சமூகத்துக்காக எழுந்ததோ அந்தச் சமூகமே மெல்லக் கரைந்தது. கட்டணம் செலுத்த முடிந்த மற்ற இந்தியக் குடும்பங்கள் அந்த இடத்துக்கு வந்தன. தோட்ட முதலாளி, டாக்டர், ஆலை அதிபர், சினிமாக்காரர், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சம்பாதித்தவர் என்று அந்தப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறியது. உறைவிடப் பள்ளிக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. தெருவோரப் பள்ளிக்குத் தெருவில் உள்ளவர்கள்தான் பிள்ளைகள். தெரு மாறினால் பள்ளியும் தடுமாறும். விடுதி உள்ள பள்ளிக்கோ நாடே தெரு. ஒரு வர்க்கம் போனால் இன்னொரு வர்க்கத்தை எங்கிருந்தும் வரவழைக்கலாம். ஜூன் மாதம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பிள்ளையின் பெயரைப் பெயின்டில் எழுதிய ட்ரங்குப் பெட்டியோடு ஒண்டிக்கடைப் பக்கம் வந்து நிற்கும் வெளியூர்க் குடும்பம்தான் ஏற்காட்டின் நூறாண்டுக் காட்சி. பெட்டியில் இருந்த பெயர்கள்தான் மாறின.

பழைய மாணவர் பெயர்களே அதைச் சொல்லும். சசி தரூர் சிறு வயதில் மாண்ட்ஃபோர்ட்டில் படித்தவர். நடிகர் விக்ரம் அங்கே பள்ளியை முடித்தவர். திண்டிவனத்தில் மருத்துவத் தொழில் நடத்திய, பா.ம.க.வை நிறுவிய ராமதாஸின் மகன் அன்புமணியும் அங்கே படித்தவர். 1903-இல் திண்டிவனத்தில் இறங்கிய சகோதரர்களின் மலைப் பள்ளிக்கு, முக்கால் நூற்றாண்டு கழித்துத் திண்டிவனத்திலிருந்தே ஒரு பிள்ளை ஏறிப் போயிருக்கிறது. வட தமிழகத்துப் பிற்படுத்தப்பட்டோர் அரசியலின் அடுத்த தலைமுறை, ஒரு காலத்தில் நீதிக்கட்சி அமைச்சர்களின் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்ட வேலிக்குள் உட்கார்ந்து ஆங்கிலம் படித்தது என்பது சிறிய மாற்றமில்லை. அதை மறுத்துவிட்டு இந்தப் பள்ளிகளைக் காலனிய எச்சம் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது சோம்பேறித்தனம். மொழியும் இதற்குச் சாட்சி. 'கான்வென்ட்' என்ற சொல்லுக்குக் கன்னியர் மடம் என்று பொருள். தமிழ்நாட்டில் "புள்ளைங்கள கான்வென்ட்ல சேத்திருக்கோம்" என்று ஒரு தாய் சொன்னால் அதில் கன்னியரும் இல்லை, மடமும் இல்லை. ஆங்கில வழி, டை, பெல்ட், மாதக் கட்டணம் அவ்வளவுதான். பிரெஞ்சுக் கன்னியர் வாழ்ந்த வீட்டின் பெயர் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் ஆசைக்குப் பெயராகிவிட்டது.

இனி எதிர்வாதங்கள். கட்டணப் பள்ளியில் வரும் பணத்தைக் கொண்டுதானே துறவுச் சபைகள் ஏழைகளுக்கான பள்ளிகளை நடத்துகின்றன என்பது சபைகளின் தரப்பு. பொதுவாக இது உண்மை. ஆனால் இந்த வாதமே பள்ளிகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பணக்காரப் பிள்ளை ஒரு கூரையின் கீழ், அவன் கட்டணத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளை வேறொரு கூரையின் கீழ். லா ரோஷெலில் இலவசப் பள்ளி தொடங்கிய போதகரின் பெயரைத் தாங்கிய பள்ளிக்கு இந்தப் பிரிவினை உறுத்த வேண்டும். அவர் பெயர் ஏழைப் பள்ளியில் இருந்தால் வரலாறு இயல்பாக இருந்திருக்கும். உறைவிடப் பள்ளியின் வாயிலில் இருப்பதால் அது கேள்வியாக நிற்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் சட்டம் சார்ந்தது. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், நலிந்த பிரிவினருக்கு இருபத்தைந்து சதவீத இடம் தர வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்ட விதி சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் வேறோர் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது. உரிமை இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த உரிமை எதற்காக வந்தது என்பதைத்தான் கேட்கிறேன். ஒரு சமயத்தார் தங்கள் பிள்ளைகளையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ள ஏற்பட்ட பாதுகாப்பு அது. கட்டணம் செலுத்தும் எந்தச் சமயத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, கட்டணம் செலுத்த முடியாத பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பைக் காட்டுவது பொருத்தமாகத் தெரியவில்லை. 337-ஆம் பிரிவை ஏற்று நாற்பது சதவீதம் திறந்தபோது எந்த ஆங்கிலோ இந்தியப் பள்ளியின் அடையாளமும் கரைந்துபோகவில்லை. இருபத்தைந்தால் கரைந்துவிடும் என்பதை நம்ப மாட்டேன்.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு நான் பாதி இணங்குகிறேன். மலையாளிப் பிள்ளைகளைப் படிக்கவைப்பது அரசின் கடமை. ஒரு தனியார் பள்ளியின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பார்கள். சரிதான். சேர்வராயன் மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடக்கின்றன. மலையின் கல்விக்கணக்கில் இருக்கும் பற்றாக்குறைக்கு முதல் பொறுப்பு அரசுதான். ஆனால் இதையும் கவனிக்க வேண்டும். ஒரே மலையில் இரண்டு வகை உறைவிடப் பள்ளிகள். ஒன்றில் வெளியூர்ப் பிள்ளைகள் மலைக்கு ஏறி வந்து தங்குகிறார்கள். மற்றொன்றில் மலைப் பிள்ளைகள் சொந்தக் கிராமத்தை விட்டு வந்து தங்குகிறார்கள். ஐரோப்பியப் பள்ளி என்ற வகை 1947-லும், தமிழ்நாட்டில் ஆங்கிலோ இந்தியன் என்ற தனிப் பாடத்திட்டம் 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்தோடும் முடிந்துவிட்டன. வகைகள் போய்விட்டன, அவை போட்டுவைத்த கோடு போகவில்லை. முன்பு அரசாணை போட்ட கோட்டை இப்போது கட்டண ரசீது போடுகிறது.

சட்டமே எல்லாவற்றையும் தீர்மானித்தது, அப்படியானால் பிரதர்களும் சிஸ்டர்களும் என்னதான் செய்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் பள்ளியை நடத்தினார்கள். நூறாண்டுக்கு மேல் ஒரு பள்ளியை நாள்தோறும் மணியடித்து நடத்துவது சட்டத்தால் ஆகிற காரியமில்லை. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பிற்காலத்தில் இருபாலர் பள்ளியானதற்கு எந்த அரசும் ஆணையிட வேண்டியிருக்கவில்லை. தேவை மாறியதைக் கண்டு பள்ளியே எடுத்த முடிவு அது. பாதி மனித குலத்துக்குச் சாத்தியிருந்த கதவைத் தானாகத் திறந்த நிறுவனம், மலையின் பிள்ளைகளுக்கு அதே கதவைத் திறப்பதற்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. சட்டமன்றத்தில் அந்த மலையின் பெயரால் உட்காருபவர் பழங்குடியினராகத்தான் இருக்க முடியும். அந்த மலையின் பெயரை நாடெங்கும் அறிய வைத்த பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்து, நாகலூரிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் இந்த நூறாண்டில் எத்தனை பிள்ளைகள் உள்ளே வந்தார்கள் என்று அந்தப் பள்ளிகளே எண்ணிச் சொல்லட்டும்.